ஃபோர்வீல் டிரைவ் சேரவில்லையா? முதலில் முன் ஷாஃப்டைச் சுழற்றிப் பாருங்கள்

பிக்கப் டிரக்கில் ஃபோர்வீல் டிரைவைப் போட்ட பிறகும் முன்சக்கரங்கள் இழுக்காமல் சும்மா உருண்டுகொண்டிருந்தால், பலரும் உடனே ஏதாவது ஒரு பாகத்தை வாங்கி மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். ஷிஃப்ட் மோட்டார் போய்விட்டது என்று ஒருவர் சொல்வார். வேக்குவம் சொலினாய்டு (உறிஞ்சுவிசையைத் திறந்து மூடும் மின்வால்வு) என்று இன்னொருவர் சொல்வார். டிரான்ஸ்ஃபர் கேஸையே இறக்கிப் பிரித்தாக வேண்டும் என்று மூன்றாமவர் அடித்துச் சொல்வார். மூன்றுமே நடக்கக்கூடியவைதான். ஆனால் குறிப்பிட்ட அந்த வண்டியில் எது நடந்திருக்கிறது என்பதை மூவரில் யாரும் பார்க்கவில்லை. இந்தப் பழுதைப் பொறுத்தவரை எனக்கு அழுத்தமான கருத்து ஒன்று உண்டு: இணைப்பு எந்த இடத்தில் விட்டுப்போயிருக்கிறது என்பதைக் கையால் சுழற்றி உறுதிசெய்துகொள்ளும் வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக் கூடாது. அதற்கு ஒரு ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டுகள், சக்கரங்களுக்கு முட்டுக்கொடுக்க நல்ல கனமான கட்டைகள், இவை போதும்.

நான் இங்கே எழுதுவது தேவைப்படும்போது மட்டும் முன்சக்கரங்களைச் சேர்த்துக்கொள்ளும் வகையைப் பற்றியது. எப்போதும் நான்கு சக்கரங்களும் ஓடும் வண்டிகளின் அமைப்பு வேறு, அவற்றின் பழுதுகளும் வேறு. நாம் பேசும் வகையில், கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டி இருக்கும். அதிலிருந்து பின் ஆக்சிலுக்குச் செல்லும் ஷாஃப்ட், வண்டி ஓடும்போதெல்லாம் சுழலும். முன் ஆக்சிலுக்குச் செல்லும் ஷாஃப்ட், பெட்டிக்குள் இருக்கும் ஃபோர்க் என்ற கவை, காலர் என்ற பல்வளையத்தைத் தள்ளிப் பற்களைக் கோத்துவிட்டால் மட்டுமே, பெரும்பாலும் ஒரு சங்கிலியின் வழியாக, இன்ஜினின் விசையைப் பெறும். அந்த விசை, இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பற்சக்கரத் தொகுதியான முன் டிஃபரென்ஷியலுக்குப் போய், இரண்டு அரை ஆக்சில்களாகப் பிரிந்து, சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் வழியாகச் சக்கரத்தைச் சேரும்.

ஆக, பெரும்பாலான பிக்கப்களில் இணைப்பு சேர வேண்டிய இடங்கள் இரண்டு. முதலாவது டிரான்ஸ்ஃபர் கேஸ். இரண்டாவது முன் ஆக்சில் பக்கம்: சில வண்டிகளில் அது ஹப்பிலேயே இருக்கும், சிலவற்றில் ஆக்சிலின் ஒரு பக்கத்தில், ஷாஃப்டை இரண்டாக வெட்டி நடுவில் ஒரு காலர் வைத்ததுபோல் இருக்கும். சாதாரணச் சாலையில் முன் டிஃபரென்ஷியலும் ஷாஃப்டும் வீணாகச் சுழன்று தேயாமலும் எரிபொருளைத் தின்னாமலும் இருக்கவே இந்த இரண்டாவது இடத்தை வைத்தார்கள். இரண்டில் ஒன்று சேர்ந்து மற்றொன்று சேராவிட்டால், ஓட்டுநருக்கு எதுவுமே சேராததுபோல்தான் தெரியும். பழுது தேடுவதில் பாதிக் குழப்பம் இங்கிருந்துதான் வருகிறது.

டாஷ்போர்டில் எரியும் விளக்கு இந்தக் குழப்பத்தை இன்னும் வளர்க்கிறது. பல வண்டிகளில் அந்த விளக்கு டிரான்ஸ்ஃபர் கேஸில் பொருத்திய ஒரு ஸ்விட்ச்சையோ மோட்டாரின் நிலை சென்சாரையோ மட்டும் கேட்டு எரிகிறது. முன் ஹப் சேர்ந்ததா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. வேறு சில வண்டிகளில் முன் ஆக்சிலில் உள்ள ஸ்விட்ச்தான் விளக்கை எரியவிடும். அங்கே எல்லாம் சரியாகச் சேர்ந்திருந்தும், அந்தச் சிறு ஸ்விட்ச் பழுதானதால் விளக்கு எரியாமல் போகலாம். விளக்கு தொடர்ந்து மினுங்கினால், கேட்ட மாற்றம் இன்னும் முடியவில்லை என்று பொதுவாகப் பொருள். விளக்கு சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில், உண்மையிலேயே சேரவில்லையா என்று பார்த்துவிட வேண்டும். அதற்குச் சரளையோ மண்ணோ புல்லோ உள்ள சமதளம் வேண்டும். காய்ந்த தார்ச்சாலையிலோ சிமென்ட் தரையிலோ இதைச் செய்யக் கூடாது. வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போகின்றன. முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருக்கும்போது அந்த வேறுபாடு எங்கேயும் போக வழியில்லாமல், ஷாஃப்டுகளிலும் சங்கிலியிலும் முறுக்காக ஏறிக்கொள்ளும். மண்ணில் டயர் சற்று வழுக்கி அந்த முறுக்கைக் கழித்துவிடும், தார்ச்சாலையில் கழிக்க முடியாது. மண்தரையில் ஃபோர் ஹையில் (சாதாரண வேகத்துக்கான ஃபோர்வீல் நிலையில்) போட்டு, சில மீட்டர் நேராக உருட்டி, பிறகு ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மிக மெதுவாக வட்டமடியுங்கள். நான்கும் சேர்ந்திருந்தால் வண்டி இறுகி, முன்சக்கரங்கள் மண்ணைக் கொத்திக் கொத்தித் தள்ளுவது ஸ்டியரிங்கிலேயே கைக்குத் தெரியும். சேராவிட்டால் டூ ஹையில் (பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலையில்) திரும்புவதுபோலவே லேசாகத் திரும்பிவிடும்.

சேரவில்லை என்று உறுதியானால், எந்தப் பக்கம் என்று பிரிக்க வேண்டும். வண்டி அதே மண்தரையில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபோர் ஹையில் போட்டு, முன்னும் பின்னும் சிறிது உருட்டிவிட்டு, சமதளத்தில் நிறுத்துங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிலும், கையால் போடும் கியர் என்றால் முதல் கியரிலும் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, தேர்வை ஃபோர் ஹையிலேயே விட்டுவிட்டு இன்ஜினை அணையுங்கள். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகு, முன்சக்கரங்கள் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம். முன்சக்கரங்கள் மேலே இருக்கும் இந்த நிலையில் இன்ஜினை ஓடவிட்டுக் கியரைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. தரையிலிருக்கும் பின்சக்கரங்கள் வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளிவிடும் என்பதால் அதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. நமக்குத் தேவையானதெல்லாம் அணைந்த இன்ஜினும் இரண்டு கைகளும்தான்.

அடியில் போய் முன் ஷாஃப்டைப் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். சிறிது ஆட்டம் இருக்கலாம், அது இயல்பு. அதற்கு மேல் அது அசையாமல் நின்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் தன் வேலையைச் செய்துவிட்டது: முன் ஷாஃப்ட் பின் ஷாஃப்டோடு பூட்டப்பட்டிருக்கிறது, பின்சக்கரங்கள் தரையில் நிற்பதால் அதுவும் அசைய முடியவில்லை. மாறாக, ஷாஃப்ட் உங்கள் கையோடு தாராளமாகச் சுற்றினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் சேரவில்லை. முன் ஆக்சிலையும் ஹப்பையும் இப்போதைக்கு மறந்துவிடலாம்.

ஷாஃப்ட் பூட்டியிருந்தால் அடுத்ததாக ஒரு முன்சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். எல்லாம் சேர்ந்திருந்தால், எதிர்ப்பக்கச் சக்கரம் எதிர்த்திசையில் சுழலும், ஏனென்றால் டிஃபரென்ஷியலின் உள்ளே ஷாஃப்டோடு கோத்திருக்கும் பெரிய பற்சக்கரமான கிரௌன் வீல் அசையாமல் நிற்க, சிறு பற்சக்கரங்கள் ஒரு பக்கத்தின் சுழற்சியை மறுபக்கத்துக்குத் திருப்பித் தருகின்றன. எதிர்ச்சக்கரம் அசையவே இல்லை என்றால் முன் ஆக்சில் பக்கத்தில் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. எங்கே என்பதற்கும் கண்ணாலேயே விடை கிடைக்கும்: நீங்கள் சுழற்றும் சக்கரத்தோடு அதன் அரை ஆக்சிலும் சுழல்கிறதா என்று பாருங்கள். சக்கரம் மட்டும் சுழன்று அரை ஆக்சில் சும்மா நின்றால் அந்த ஹப் சேரவில்லை. இரண்டு பக்கமும் சக்கரத்தோடு அரை ஆக்சில் சுழன்றும் ஒரு பக்கத்தின் சுழற்சி மறுபக்கத்துக்குப் போகவில்லை என்றால், ஆக்சிலின் நடுவில் உள்ள இணைப்புக் காலர் நகரவில்லை. முன் டிஃபரென்ஷியலில் லாக்கர் (இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் கருவி) பொருத்தியிருந்தால், எல்லாம் சேர்ந்த நிலையில் சக்கரம் சுழலவே சுழலாது. அதுவும் நல்ல அறிகுறிதான். இன்னொன்று, வேக்குவத்தால் இயங்கும் சில அமைப்புகளில் இன்ஜினை அணைத்துச் சற்று நேரம் கழித்து வேக்குவம் கசிந்து ஹப் விட்டுவிடலாம் என்பதால், அத்தகைய வண்டியில் இந்தச் சோதனையைத் தாமதிக்காமல் முடிப்பது நல்லது.

இவ்வளவும் செய்ய அதிக நேரம் ஆகாது. ஆனால் இதைச் செய்து முடித்தவரிடம் இருப்பது ஊகம் அல்ல, ஒரு முகவரி. இனி அந்த முகவரிக்கு மட்டும் போனால் போதும்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் சேரவில்லை என்ற முடிவுக்கு வந்தவர்களில், தரையில் லீவர் உள்ள பழைய வகை வண்டி வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து லீவரை இழுக்க, மற்றவர் அடியிலிருந்து இணைப்புக் கம்பிகளைப் பார்த்தால், டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளிக்கை தன் முழு தூரத்தையும் நகர்கிறதா என்பது தெரிந்துவிடும். கம்பிகளின் முனையில் உள்ள பிளாஸ்டிக் புஷ்கள் தேய்ந்தோ உடைந்து விழுந்தோ போனால், மேலே லீவர் முழுவதும் வந்துவிடும், கீழே கை பாதி தூரத்தில் நின்றுவிடும். கியர்பாக்ஸ் மவுன்ட் இறங்கிப்போன வண்டிகளிலும் லீவரின் கணக்கு இதேபோல் தவறிப்போகும்.

பொத்தானாலோ திருகு ஸ்விட்சாலோ மாற்றும் வகையில், டிரான்ஸ்ஃபர் கேஸின் மேல் ஒரு மின்மோட்டார் இருக்கும். அதை இயக்குவது ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. இந்தப் பெட்டி, நிபந்தனைகள் நிறைவேறாதவரை எதையும் செய்யாமல் மறுத்துவிடும் இயல்புடையது. ஃபோர் லோவுக்குப் (மெதுவாக, அதிக இழுவிசையோடு போகும் நிலைக்கு) போக வண்டி நின்றிருக்க வேண்டும் அல்லது நடைவேகத்துக்கும் குறைவாக உருண்டுகொண்டிருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், சில வண்டிகளில் பிரேக்கையோ கிளட்ச்சையோ மிதித்திருக்கவும் வேண்டும். நியூட்ரலைக் காட்டும் ஸ்விட்ச்சோ, கிளட்ச் பெடல் ஸ்விட்ச்சோ, வேக சென்சாரோ தவறான செய்தி அனுப்பினால், டிரான்ஸ்ஃபர் கேஸ் முழு ஆரோக்கியத்தோடு இருந்தும் கட்டுப்பாட்டுப் பெட்டி அசையாது. ஃபோர் ஹை சேர்கிறது, ஃபோர் லோ மட்டும் சேரவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகிப்பது இந்த ஸ்விட்ச்சுகளைத்தான். பேட்டரி தளர்ந்திருந்தாலும் இதே நிலைதான். ஃபோர்வீல் பகுதியைப் படிக்கக்கூடிய ஸ்கேனர் கிடைத்தால், பதிவான பழுதுக் குறியீட்டைப் படித்துவிட்டு மேலே போவது நேரத்தை மிச்சப்படுத்தும். சாதாரணமாகக் கிடைக்கும் மலிவான ஸ்கேனர்கள் இன்ஜினை மட்டுமே படிக்கும் என்பதால், அவற்றில் குறியீடு எதுவும் வராததைக் கொண்டு எதையும் முடிவுசெய்ய முடியாது.

அடுத்து ஃபியூஸ், ரிலே, வயரிங். ஃபியூஸ் பார்ப்பதை எல்லோரும் செய்வார்கள். வயரிங்கைத்தான் பெரும்பாலோர் அரைகுறையாகச் சோதிக்கிறார்கள். என் வண்டியில் ஒருமுறை ஃபோர் ஹை சேராமல் விளக்கு சிறிது நேரம் மினுங்கிவிட்டு அணைந்துகொண்டிருந்தது. முன் ஷாஃப்ட் கையோடு சுற்றியதால் முகவரி டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று தெரிந்தது. ஸ்விட்சைத் திருப்பும்போது ரிலே சொடுக்கும் ஓசை கேட்டது, மோட்டார் ஓடும் ஓசை இல்லை. மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி, தடித்த இரண்டு வயர்களுக்கிடையே மல்டிமீட்டரை வைத்து ஸ்விட்சைத் திருப்பச் சொன்னேன்: 12.4 வோல்ட் காட்டியது. இந்த இடத்தில்தான், மின்சாரம் சரியாக வருகிறது, ஆகவே மோட்டார்தான் போய்விட்டது என்ற முடிவுக்கு வந்து புதிய மோட்டாரை வாங்கிவிடுகிறார்கள். கனெக்டரை மறுபடி செருகி, அதன் பின்பக்கத்திலிருந்து மீட்டரின் முனைகளை நுழைத்து, மோட்டார் சுமையோடு இருக்கும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். அப்படி அளந்தபோது 6 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. பாதி மின்னழுத்தம் வழியிலேயே எங்கோ தொலைந்துகொண்டிருந்தது.

பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மீட்டரின் ஒரு கம்பியை வைத்து, ரிலேக்களின் எர்த் வயர் சேஸியில் போய்ச் சேரும் வளைய முனையில் மறு கம்பியை வைத்து, ஸ்விட்சைத் திருப்பும்போது பார்த்தால், அங்கேயே 5 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. நல்ல எர்த்தில் அது அரை வோல்ட்டைக்கூடத் தொடக் கூடாது. அந்த முனை வெளிப்பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. போல்ட் இறுக்கமாகவும் இருந்தது. கழற்றிப் பார்த்தபோது வளையத்தின் அடிப்பக்கம் முழுவதும் பச்சைக் களிம்பு படிந்து, அதன் கீழே சேஸியின் இரும்பு துருப்பொருக்காக எழும்பியிருந்தது. களிம்பை உப்புத்தாளால் தேய்த்து, சேஸியில் அந்த வட்டத்தை வெள்ளையாகத் தெரியும் வரை சுரண்டி, இறுக்கிய பின் மேலே கிரீஸ் பூசினேன். ஸ்விட்சைத் திருப்பியதும் மோட்டார் ஓடி, காலர் கோத்துக்கொள்ளும் அந்தச் சின்ன ‘டக்’ ஓசை அடியிலிருந்து தெளிவாகக் கேட்டது. சுமையில்லாமல் அளந்த வோல்ட்டேஜை நம்பாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

சுமையோடு அளந்தும் முழு மின்னழுத்தம் மோட்டாருக்கு வந்து, மோட்டார் அசையவில்லை என்றால் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். சுத்தியலின் மரப்பிடியால் அதன் உடலில் மெல்லத் தட்டும்போது திடீரென்று ஓடத் தொடங்கினால் உள்ளே கார்பன் பிரஷ்கள் தேய்ந்திருக்கின்றன அல்லது சிக்கியிருக்கின்றன என்று பெரும்பாலும் கொள்ளலாம். மோட்டார் ஓடும் ஓசை கேட்டும் இணைப்பு சேராவிட்டால், மோட்டாரைக் கழற்றி எடுத்துவிட்டு, டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஷிஃப்ட் தண்டைப் பொருத்தமான ஸ்பேனரால் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு நிலையிலும் அது ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பது கைக்குத் தெரிய வேண்டும். கையால் திருப்பும்போது முன் ஷாஃப்ட் பூட்டிக்கொண்டால் பெட்டியின் உட்பகுதி நலம், குறை மோட்டாரிலோ அதன் நிலை சென்சாரிலோ இருக்கிறது. பற்கள் நேருக்கு நேர் முட்டி நின்றால் தண்டு திரும்பாது. அப்போது பலத்தைக் கூட்டாமல், தூக்கியிருக்கும் முன்சக்கரத்தையோ முன் ஷாஃப்டையோ சிறிது நகர்த்திவிட்டு மறுபடி முயன்றால் கோத்துக்கொள்ளும்.

இந்தச் சோதனையில் உயிருக்கே ஆபத்தான ஒரு விஷயம் இருக்கிறது. தண்டைத் திருப்பும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரல் நிலையைக் கடந்துபோகும். அந்த நிலையில் கியர்பாக்ஸுக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பே இல்லை. வண்டி பார்க்கில் இருந்தாலும் முதல் கியரில் இருந்தாலும் அது எந்தச் சக்கரத்தையும் பிடித்து வைக்காது. சரிவில் நிற்கும் வண்டி, அடியில் ஆள் இருக்கும்போதே உருண்டுவிடும். ஹேண்ட் பிரேக்கும் நான்கு கட்டைகளும் சமதளமும் ஏன் வேண்டும் என்று முன்பே சொன்னதற்கு இதுதான் முதல் காரணம்.

தண்டு திரும்புகிறது, ஆனால் எந்த நிலையிலும் முன் ஷாஃப்ட் பூட்டவில்லை என்றால், உள்ளே ஃபோர்க் உடைந்திருக்கலாம், அதன் முனைகளில் உள்ள பிளாஸ்டிக் பட்டைகள் தேய்ந்திருக்கலாம். சேர்ந்த பிறகு சுமை ஏறும்போது ‘டமார்’ என்று தாவும் ஓசை வந்தால் சங்கிலி நீண்டுபோயிருக்கிறது. இரண்டுக்கும் பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும். அதற்கு முன் எண்ணெயை வடித்து, வடிகால் போல்ட்டின் காந்தத்தைப் பாருங்கள்: சாம்பல் நிறக் குழம்பு இயல்பானது, விரலில் குத்தும் துகள்களும் சில்லுகளும் இயல்பானவை அல்ல. பல டிரான்ஸ்ஃபர் கேஸ்களில் ஊற்ற வேண்டியது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்தான். கனமான கியர் எண்ணெயை ஊற்றிவிட்டால் குளிரில் மாற்றமே முரண்டு பிடிக்கும். கையேட்டில் எழுதியிருப்பதைத் தவிர வேறெதையும் ஊற்ற வேண்டாம்.

முன் ஆக்சில் பக்கம்தான் முகவரி என்றால், அமைப்புக்கு அமைப்பு வேலை மாறும். கையால் திருகிப் பூட்டும் ஹப் என்றால் சொல்ல அதிகமில்லை: இரண்டு பக்கமும் பூட்டு நிலைக்கு முழுவதும் திரும்பியிருக்க வேண்டும், உள்ளே காய்ந்துபோன கிரீஸ் இருந்தால் பிரித்துக் கழுவிப் புதிதாகப் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டியிருந்தால் டிஃபரென்ஷியல் அந்த விசையையெல்லாம் பூட்டாத பக்கத்தின் அரை ஆக்சிலைச் சுற்றுவதிலேயே விட்டுவிடும், முன்சக்கரங்கள் இழுக்காது.

வேக்குவத்தால் இயங்கும் அமைப்புதான் அதிகம் தொல்லை தருவது என்பது என் எண்ணம். 1990களின் டாட்ஜ் ராம் பிக்கப்களிலும், 1980களின் ஜீப் செரோக்கிகளிலும், முன் ஆக்சிலின் காலரை, வேக்குவத்தால் இழுபடும் டயாஃப்ரம் என்ற சவ்வுதான் நகர்த்தியது. குழாய்கள் இன்ஜின் சூட்டில் வறண்டு, வளைவுகளில் முடி போன்ற விரிசல் விடும். பேட்டரித் தட்டுக்கு அடியில் ஓடும் குழாய்களை அமிலம் அரித்துவிடும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது பெட்ரோல் இன்ஜினின் மேனிஃபோல்டில் பொதுவாக 17 முதல் 22 அங்குலப் பாதரச அளவு வேக்குவம் இருக்கும். அளவுமானியோடு வரும் கைப்பம்பை டயாஃப்ரமின் குழாயில் நேரடியாக மாட்டி இழுத்து, அழுத்தம் ஒரு நிமிடமாவது அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். நின்று, காலரும் நகர்ந்தால், டயாஃப்ரம் நலம்; குறை அதற்கு முன்னால், குழாயிலோ சொலினாய்டிலோ ஒருவழி வால்விலோ இருக்கிறது. முள் இறங்கிக்கொண்டே வந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. டீசல் இன்ஜினில் மேனிஃபோல்டில் போதிய வேக்குவம் உருவாகாது என்பதால் தனிப் பம்பு ஒன்று இருக்கும். அதே பம்பிலிருந்து பிரேக் பூஸ்டருக்கும் வேக்குவம் போகும் வண்டியில், ஃபோர்வீல் சேராததோடு பிரேக்கும் கனத்துப்போயிருந்தால், பம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வேக்குவம் எந்தத் திசையில் வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் குழாயைத் தொடக் கூடாது. 2004 முதல் வந்த ஃபோர்ட் எஃப்-150 போன்ற வண்டிகளில் கணக்கு தலைகீழ்: அங்கே வேக்குவம் இருக்கும்போது ஹப் விலகி நிற்கும், வேக்குவம் போனால் ஸ்பிரிங் தள்ளி ஹப் சேர்ந்துகொள்ளும். ஆகவே அங்கே குழாய் கசிந்தால், டூ ஹையில் சாதாரணமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே, முக்கியமாக ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது, முன்சக்கரப் பக்கத்திலிருந்து கறகறவென்று பற்கள் அரைபடும் ஓசை வரும். அதை பேரிங் என்று நினைத்து மாற்றிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். அந்த ஓசையோடு தொடர்ந்து ஓட்டினால் ஹப்பின் பற்கள் உருண்டுபோய், பிறகு ஃபோர்வீல் போட்டாலும் பிடிக்காது.

1988 முதல் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்கள் சிலவற்றில் மின்சாரத்தால் சூடேறி விரியும் ஒரு சிறு குப்பி, தன் முனையால் முன் ஆக்சிலின் காலரைத் தள்ளியது. குளிர்காலத்தில் அது விரிந்து தள்ளுவதற்குள் ஓட்டுநர் பொறுமையிழந்துவிடுவார். பின்னர் அந்த இடத்துக்கு மின்மோட்டார் வகை வந்தது. பழைய வண்டிகளிலும் அதை மாற்றிப் பொருத்திக்கொள்ள முடியும். அந்த வகை வண்டி வைத்திருப்பவர், ஸ்விட்சைப் போட்டதும் சேரவில்லை என்று முடிவுகட்டாமல் சற்று நேரம் காத்திருந்து பார்க்க வேண்டும்.

இந்தப் பழுதுகளில் பெரும்பகுதிக்கு அடிப்படை, பயன்படுத்தாமல் விட்டுவைப்பதுதான். காலர் நகராமல் கிடந்த இடத்தில் துரு பிடிக்கிறது, ஆக்சுவேட்டருக்குள் (காலரை நகர்த்தும் கருவிக்குள்) ஈரம் தங்குகிறது, முன் டிஃபரென்ஷியலின் சீல் காய்கிறது. டொயோட்டா பிக்கப்கள் சிலவற்றின் கையேட்டில், மாதத்துக்குக் குறைந்தது 16 கிலோமீட்டராவது ஃபோர்வீலில் ஓட்ட வேண்டும் என்று எழுதியிருப்பது முன்பக்கப் பாகங்களுக்கு எண்ணெய் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான். வேறு எந்த நிறுவனத்தின் வண்டி வைத்திருந்தாலும் இதைப் பின்பற்றுவதில் நஷ்டம் ஏதுமில்லை. மண்சாலையோ மழை நனைத்த சாலையோ கிடைக்கும்போது நேராக ஓட்டினால் போதும். துரு பிடித்துச் சிக்கியிருக்கும் ஆக்சுவேட்டர்களில் சில, துருநீக்கி அடித்துப் பலமுறை இருபக்கமும் மாற்றி மாற்றி இயக்கியதும் உயிர்பெற்றுவிடுகின்றன. அப்படி உயிர்பெற்றதைப் பிரித்துச் சுத்தம் செய்து புது சீல் போடாவிட்டால் மறுபடி சிக்கும்.

சரிசெய்து முடித்த பிறகு, விலகுவதையும் சோதிக்க வேண்டும். நான்கு டயர்களும் ஒரே அளவிலும் ஏறக்குறைய ஒரே தேய்மானத்திலும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் முன்னும் பின்னும் சுற்றளவு மாறினால் நேராகப் போகும்போதே முறுக்கு ஏறி, காலர் விலக மறுக்கும். பிறகு மண்தரையில் ஃபோர் ஹையில் அதே மெதுவான வட்டத்தை இரு திசைகளிலும் அடித்து, நேராக நிறுத்தி, டூ ஹைக்கு மாற்றுங்கள். உடனே விலகவில்லை என்றால் சில மீட்டர் நேராகப் பின்னால் எடுத்தால் முறுக்கு இறங்கி விலகிவிடும். ஃபோர் லோவையும் நிறுத்திய நிலையில் போட்டு எடுத்துப் பாருங்கள். அதன் பிறகு வண்டியை மறுபடி தூக்கி, டூ ஹையில் முன் ஷாஃப்ட் கையோடு தாராளமாகச் சுற்றுகிறது, ஃபோர் ஹையில் சுற்றவில்லை என்பதை இன்னொரு முறை கையால் பார்த்துவிட்டு, கழற்றிய கனெக்டர்களின் பூட்டுகள் சரியாக விழுந்திருக்கின்றனவா, வயர்கள் சைலன்சரைத் தொடாமல் கட்டப்பட்டிருக்கின்றனவா என்று சரிபார்த்த பிறகு ஸ்டாண்டிலிருந்து இறக்குங்கள்.